ஒரு கிற்றார் வாங்கிய வரலாறு

இவ்விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் எம்மை அணுகியபோது, தமிழாசிரியரிடம் கேட்கத்தக்க பொருள்களை அவர்களே ஒரு தாளில் எழுதிக் கொண்டு வந்திருந்தனர். சங்ககால விருந்தோம்பல், வள்ளுவர் கண்ட கல்வி, கம்பரின் உவமைநலம் என அத்தாள் நீண்டது. அவை பற்றி எம்மினும் வல்லார் பலர் முன்னரே எழுதிவிட்டனர். யாம் எழுதப் புகுவது, பழைய மாணவர் தந்த பணத்தைக் கொண்டு கல்லூரிக்கு ஒரு மின்கிற்றார் வாங்கிய வரலாறு. பணம் தந்தோர்க்குக் கணக்குக் காட்டுதலும் கடமையே ஆதலின், இதனைக் கணக்கறிக்கை எனக் கொள்ளினும் இழுக்கில்லை.

2024 ஆம் ஆண்டு வாணி விழாவிலே, கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன், இரவல் வாங்கிய கிற்றாரிலே தன் தோட்டத்துக் காமன் கூத்துப் பாட்டொன்றை வாசித்தான். அக்கிற்றார் முழுதும் உள்ளீடற்றது. யாரோ அதில் ஒலிவாங்கும் காந்தச் சுருள் ஒன்றைப் பின்னர்ப் பொருத்தியிருந்தனர். ஒலிபெருக்கிப் பெட்டி அவனுக்கு இரண்டு முழத் தொலைவில் இருந்தது. நான்காம் அடிக்கு வருமுன்னரே மண்டபம் நிறைய ஓர் ஊளை எழுந்தது. சிறு பிள்ளைகள் காதைப் பொத்தினர். பெரியோர் சிலர் நகைத்தனர். மாணவன் நரம்புகளை உள்ளங்கையால் அடக்கியபடி சிறிது நேரம் நின்றான். பின்பு ஒலியை மிகக் குறைத்துப் பாட்டை வாசித்து முடித்தான். முன்வரிசையில் இருந்தோர் மட்டுமே அதனைக் கேட்டனர்.

அவ்வாறு கேட்டவருள் ஒருவர் கனடாவிலிருந்து வந்திருந்த பழைய மாணவர். விழா முடிந்ததும் அவர் எம்மிடம் வந்து, “மாஸ்டர், இந்தப் பிள்ளைக்கு ஊளையிடாத கிற்றார் ஒன்று வாங்க எவ்வளவு வேண்டும்?” என்றார். எமக்கு அது தெரியாது. விசாரித்துச் சொல்வதாகக் கூறினோம். அவர் விசாரணை முடியும்வரை காத்திருக்கவில்லை. அவரும் அவருடைய வகுப்புத் தோழரும் சேர்ந்து ஓர் இலட்சம் ரூபாவைச் சங்கத்தின் வழியாக ஒப்படைத்துவிட்டனர்.

பணம் வந்த செய்தி பரவியதும் எதிர்ப்பும் வந்தது. “இந்துக் கல்லூரிக்கு வீணை வாங்குவதை விடுத்துக் கிற்றார் வாங்குவதா?” என்று மூத்த பழைய மாணவர் ஒருவர் எழுதியிருந்தார். அன்பினால் எழுந்த வினா அது. ஆதலால் விடையும் விரிவாகவே எழுதினோம். கிற்றார் மேனாட்டுக் கருவி என்பது மெய். வயலினும் அவ்வாறே வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாராகிய பாலுசுவாமி தீட்சிதர் அதனைக் கருநாடக இசைக்குத் தகப் பயின்று தந்திராவிடின், இன்று எம் கோயிற் கச்சேரிகளிற் பாடகருக்குப் பக்கத்தில் இருப்பவர் யார்? எட்டு நரம்புள்ள மண்டலினை ஐந்து நரம்பினதாக்கி, மின்னிணைப்பும் செய்து, சிறு வயதிலேயே முழுக் கச்சேரி வாசித்த உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) அக்கருவியின் ஊர் எதுவென யாரையும் நினைக்கவிடவில்லை. மின்கிற்றாரிலேயே கீர்த்தனை வாசிக்கும் ஆர். பிரசன்னாவும் இருக்கிறார். எம் நாட்டிலோ, நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழ்ப் பொப்பிசை பாடியதும், கிளாரன்ஸ் விஜேவர்த்தன (1943–1996) சிங்கள மெல்லிசையில் மின்கிற்றாரை நிலைநாட்டியதும் எம் தந்தையார் காலத்துச் செய்திகள். போர்த்துக்கேயர் படை 1638 இல் எமக்கு அணித்தாகிய கன்னொறுவையிலே அழிந்தொழிந்தது. கண்டி அவர்கள் ஆட்சியில் நிலைக்கவில்லை. படை கொண்டு நிலைகொள்ளமுடியாத மலைக்கு அவர்தம் நாட்டு நரம்புக்கருவியின் உறவொன்று பிற்காலத்தில் பேருந்திலே ஏறி வந்துவிட்டது. வந்த விருந்தைத் திருப்பி அனுப்புதல் எம் வழக்கமன்று.

இவையெல்லாம் ஒருபுறமிருக்க, வீணை கற்பிக்க எமது கல்லூரியில் ஆசிரியர் இலர். கிற்றார் வாசிக்கவோ ஒரு மாணவன் இருக்கிறான். எமக்கு இந்நியாயம் ஒன்றே போதும். மூத்த பழைய மாணவரும் மறுமொழியில் அதனை ஏற்றுக்கொண்டார், ஏனையவற்றை ஏற்கவில்லை.

இனி, எத்தகைய கிற்றார் என்பது. யாழுக்குப் பத்தர் என்றும் வீணைக்குக் குடம் என்றும் நாம் வழங்கும் உறுப்பே நரம்பின் மெல்லோசையைப் பெரிதாக்குவது. கிற்றாருக்கும் அத்தகைய கூடு உண்டு. கூட்டின் மேற்பலகை மெல்லிதாய் அதிர்ந்தாலன்றி ஓசை பிறவாது. ஆனால் அக்கிற்றாரை ஒலிபெருக்கியோடு இணைத்தால், பெட்டியிலிருந்து வரும் பேரோசை அதே பலகையை மீண்டும் அதிர்விக்கும். பலகை நரம்பை அதிர்விக்கும். நரம்பின் அதிர்வைச் சுருள் வாங்கிப் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி இன்னும் உரத்து முழங்கும். வாணி விழாவில் ஊளையிட்டது இவ்வட்டமே. மாணவன் கை அன்று.

இதற்கு மாற்றாக மரக்கட்டையையே உடலாகக் கொண்ட கிற்றார்கள் உள. அவை ஊளையிடுதல் அரிது. மின்சாரம் இல்லையேல் அவற்றின் ஓசை பக்கத்தில் இருப்பவருக்கே சரியாக எட்டாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது அரைக்கூட்டுக் கிற்றார். கடைக்காரர் “செமி ஹொலோ” என்பர். இதன் முன்வரலாறு சுவையானது. 1940 ஐ அண்டி, லெஸ் போல் என்னும் அமெரிக்க இசைஞர், நான்கங்குலச் சதுரப் பைன் மரத்துண்டொன்றில் நரம்பும் சுருளும் பூட்டி வாசித்தார். ஊளை ஒழிந்தது. ஆயினும் அவையோர் அக்கட்டையைக் கண்டு மகிழவில்லையாம். எனவே அவர் ஒரு பழைய கிற்றாரை நெடுக்கே அறுத்து, அதன் இரு பாதியையும் கட்டையின் இரு பக்கத்திலும் சிறகுபோல ஒட்டிக்கொண்டார். அதன் பின்னரே அவையோர் கைதட்டினர். காதுக்கு முன்னே கண் கேட்கும் என்பதற்கு இதனினும் நல்ல சான்றை யாம் அறியோம். 1958 இல் கிப்சன் நிறுவனத்தார் இக்கருத்தையே செம்மை செய்து ஈ.எஸ். 335 என்னும் கிற்றாரை வெளியிட்டனர். உடலின் நடுவே கழுத்து முதல் அடி வரை மரக்கட்டை ஓடும். இரு மருங்கும் உள்ளீடற்ற கூடு. நடுக்கட்டை மேற்பலகையின் துள்ளலை அடக்கும். கூடுகள் ஓசைக்கு ஈரம் ஊட்டும்.

அதிலே பூட்டிய காந்தச் சுருள்களும் இரட்டைச் சுருள்கள். வீட்டு மின்கம்பிகளிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒன்றற்கொன்று எதிராய்ப் புகுந்து தன்னைத்தானே அழித்துக்கொள்ள, நரம்பின் ஓசை மட்டும் இரண்டிலும் கூடி நிற்கும். எமது மண்டபத்துப் பழைய மின்விளக்குகளை அறிந்தோர் இதன் அருமையை உணர்வர்.

இம்மாணவன் வாழ்வது லயக் காம்பிராவில். அங்கே ஒலிபெருக்கிப் பெட்டி இல்லை. இருந்தாலும், பக்கத்துக் காம்பிராவுக்கும் அவனுக்கும் இடையே ஒரு சுவரே உளது. மின்னின்றித் தன் காதுக்குக் கேட்க மெல்ல வாசிக்கவும், மண்டபத்தில் மின்னோடு இணைத்தால் ஊளையின்றி முழங்கவும் வல்ல கருவி அரைக்கூடு ஒன்றே. ஆகவே எமக்கு அது ஆடம்பரமாகத் தோன்றவில்லை.

விலையோ வேறு கதை. ஈ.எஸ். 335 இன் விலையைச் சொல்லிப் படிப்போரை அச்சுறுத்தமாட்டோம். அதே அமைப்பில், எளியோர்க்கென எபிபோன் நிறுவனத்தாரும், ஆட்கோர் என்னும் வரிசையில் ஐபனெஸ் நிறுவனத்தாரும் கிற்றார்கள் செய்கின்றனர். அவற்றுள் ஒன்று 400 டொலர் எனக் கொள்வோம். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவளவில் நின்றது. அக்கணக்கில் 80,000 ரூபா. அவ்வாண்டு மே மாதத்தில் டொலர் 360 ரூபாவரை ஏறிற்று; அக்கணக்கில் 144,000. யாம் கடையேறிய 2024 நவம்பரில் அது 293 ரூபாவளவில் இறங்கியிருந்தது; ஆயினும் அவ்வாண்டு ஜனவரி முதற் பெறுமதி சேர் வரி 18 வீதம். கப்பற்கூலியும் தீர்வையும் கடைக்காரர் ஊதியமும் சேராமலே 138,000 ரூபாவைக் கடந்துவிடும். கையிலிருந்தது ஓர் இலட்சம். ஒருவர் கை பட்ட கருவியையே தேடவேண்டும் என்பது தெளிவாயிற்று.

கை பட்ட கருவியை வாங்குவோர்க்குத் தமிழில் ஓர் இலக்கணமே இருக்கிறது. கொட்டகலை ஆசிரிய கலாசாலையிற் பயின்ற நாளிலே சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தை யாம் வியந்து கற்றதுண்டு. யாழ்ப்போட்டிக்கு வந்த சீவகன் முன் ஒன்றன்பின் ஒன்றாக யாழ்களை நீட்டுவர். ஒன்று நீரிற் கிடந்து இளகிய மரம். ஒன்று வாளாற் புண்பட்டது. ஒன்று இடி வீழ்ந்தது. ஒன்று தீயில் வெந்தது. நரம்பைப் பிரித்து அதனுட் கிடந்த மயிரையும் எடுத்துக் காட்டுவான். பொன்னும் மணியும் பதித்த அழகு அவனை மயக்கவில்லை. அம்மாணவனையும் உடன் அழைத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலை, டி. எஸ். சேனாநாயக்க வீதியின் சனநெருக்கத்திடையே புறப்பட்டபோது, அவனுக்கு இக்கதையைச் சொன்னோம். “சீவகனிடம் போன் லைட் இல்லையே சேர்” என்றான். பிள்ளைகள் ஆசிரியரினும் விரைவாகப் பொருளைப் பிடித்துக்கொள்கின்றனர்.

அந்தப் போன் வெளிச்சமே முதற் கடையில் எம்மைக் காத்தது. கடையின் பெயர் வேண்டா. தலைப்பிற் புகழ்பெற்ற பெயர் பொறித்த சிவந்த கிற்றாரை எடுத்துக் காட்டி, அரைக்கூடு என்றும் 85,000 ரூபா என்றும் கூறினர். இவ்வகைக் கிற்றாரின் மேற்பலகையில் ஆங்கில எழுத்து வடிவான துளைகள் இரண்டு உள. மாணவன் ஒரு துளையில் வெளிச்சத்தைப் பிடித்து, மறு துளையால் உள்ளே நோக்கினான். வெளிச்சம் தடையின்றி மறுபுறம் தெரிந்தது. நடுவே கட்டை இருந்தால் அது தெரியலாகாது. முழுக்கூட்டுக் கிற்றாரை அரைக்கூடு எனச் சொல்லி விற்க முயன்றனர் என்பது அவ்வளவில் வெளியாயிற்று. பொறித்த பெயரின் உண்மையை ஆராயும் வேலை எமக்கு மிச்சமாயிற்று.

இரண்டாவது கடையில் நல்ல கிற்றார் இருந்தது; எம் பணத்துக்கு எட்டவில்லை. மூன்றாவது இடம் கடையன்று, வீடு. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அப்பால், முப்பது ஆண்டுக்கு மேலாகத் திருமண வீடுகளில் வாசித்து, விரல் மூட்டு வலியால் ஓய்ந்த சிங்களப் பெரியவர் ஒருவர், தம் கிற்றாரை விற்க எண்ணியிருப்பதாகச் சக ஆசிரியர் ஒருவர் சொல்லியிருந்தார். அவர் வைத்திருந்தது யாம் மேலே கூறிய இரு நிறுவனத்தாருள் ஒருவர் செய்தது; எவர் என்பதைக் கல்லூரிக்கு வந்து பார்ப்போர் அறிவர்.

பெரியவர் தேநீர் தந்து, பெட்டியைத் திறந்து, கிற்றாரை மாணவன் மடியில் வைத்துவிட்டுத் தள்ளி அமர்ந்தார். யாம் எம் சோதனையைத் தொடங்கினோம். தண்டியைக் கண்ணோடு கண்ணாக நீட்டிப் பார்த்தோம், முறுக்கு இல்லை. முதல் மெட்டிலும் கடை மெட்டிலும் நரம்பை அழுத்தி நடுவே நோக்கினால் ஒரு தாள் நுழையும் இடைவெளி இருந்தது. தண்டி சிறிது குழிந்திருத்தல் நன்று. தண்டி தலையோடு சேரும் இடத்தை நெடுநேரம் தடவிப் பார்த்தோம். விழுந்த கிற்றார்கள் முறிவது அவ்விடத்தே. ஒட்டியிருந்தால் மயிரிழை போன்ற கோடு காட்டிக்கொடுக்கும். சீவகன் கண்ட வாட்புண் இக்காலத்தில் இதுவே. பன்னிரண்டாம் மெட்டு நரம்பின் நீளத்திற் சரிபாதி. அங்கே நரம்பைத் தொட்டும் தொடாமலும் மீட்டினால் எழும் சுரமும், அழுத்தி மீட்டினால் எழும் சுரமும் ஒன்றாதல் வேண்டும். ஐந்து நரம்பில் ஒத்தன; தடித்த நரம்பிற் சிறிது ஏறிற்று. குதிரையைத் திருகாணியாற் பின்னுக்குத் தள்ள அதுவும் ஒத்தது. 1947 இல் வெளிவந்த யாழ் நூலிலே விபுலானந்த அடிகள் நரம்பின் நீளத்தையும் சுரத்தையும் கணக்கிட்டுக் காட்டிய பக்கங்கள் எம் நினைவுக்கு வந்தன. அடிகளார் விஞ்ஞானமும் கற்றவர். அவருக்கு இத்திருகாணி மிகப் பிடித்திருக்கும்.

மாணவன் நாங்கள் சோதித்து முடிக்கும்வரை காத்திருந்து, பின் மின்னிணைப்பின்றி மெல்ல வாசித்தான். இரண்டு அடி வாசித்து நிமிர்ந்து, “சேர், கரண்ட் இல்லாமலே கேக்குது” என்றான். பெரியவர் எதுவும் சொல்லவில்லை. அவன் இடக்கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கேட்ட விலை 92,000 ரூபா. யாம் குறைத்துக் கேட்கவில்லை. ஆசிரியத் தொழில் எமக்குப் பேரம் கற்பிக்கவில்லை. அவரே, “மாஸ்டர் மாத்தயா, ஒன்று சொல்லவேண்டும். சுருளை மாற்றும் ஆளி சில வேளை தொடுவதில்லை. கூட்டுக்குள் கை போகாது. கம்பி முழுவதையும் அந்தத் துளையால் வெளியே இழுத்துத்தான் திருத்தவேண்டும். திருத்துபவர் நாலாயிரம் கேட்பார்” என்று பாதி தமிழிலும் பாதி சிங்களத்திலும் கூறி, அந்த 4,000 ரூபாவைத் தாமே கழித்துக்கொண்டார். எம் சோதனையில் அக்குறை அகப்படவில்லை. ஆளி அன்று ஒழுங்காகவே தொட்டது. எண்ணி வைத்த 88,000 ரூபாவை அவர் மீண்டும் எண்ணவில்லை. கிற்றார் பெட்டியை வாயில்வரை தாமே தூக்கி வந்தார்.

மிகுந்த 12,000 ரூபாவில் 4,000 ஆளிக்கு ஆயிற்று. எஞ்சியது உறைக்கும் இணைப்புக் கம்பிக்கும் இரண்டு கட்டு நரம்புக்கும் சரியாகப் போயிற்று. பற்றுச்சீட்டுகள் சங்கத்துக் கோவையில் உள.

கல்லூரிக்கு வந்து சேர்ந்தபின்னரே கடினமான வினா எழுந்தது. விலையுயர்ந்த பொருள் ஆதலின் அதிபர் அறை இரும்பலுமாரியிற் பூட்டி வைத்து, விழாக்களின்போது மட்டும் எடுக்கவேண்டும் என்று குழுவிற் சிலர் கூறினர். அவர்கள் அச்சம் காரணமற்றதன்று. முன்னர் வாங்கிய ஆர்மோனியம் எப்படிப் போயிற்று என்பதை அறியாத பழைய மாணவர் இலர். ஆனால் அந்த ஆர்மோனியம் பூட்டிய அலுமாரிக்குள் இருந்தே போயிற்று என்பதையும் யாம் நினைவூட்டினோம். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், இரு பருவக்காற்றும் நனைக்கும் ஊர். காற்றோடாத இரும்புப் பெட்டியிலே நரம்பு துருப்பிடிக்கும். ஒட்டுப்பலகை ஈரத்தைத் தனிப்பலகையினும் நன்றாகத் தாங்குமாயினும், பசைக்கு ஓர் எல்லை உண்டு. சீவகன் தள்ளிய நீரில் இளகிய மரத்தை எம் அலுமாரியே செய்து தந்துவிடும். நாள்தோறும் வாசித்துத் துணியால் துடைக்கப்படும் கருவி நெடுங்காலம் வாழும். அன்றியும், ஆண்டுக்கு மூன்று நாள் வாசிப்பதற்கு ஒரு மாணவன் எங்ஙனம் கற்பான்?

இரண்டு கூட்டம் கழிந்தபின், நூலகத்து நூலைப் போலவே கிற்றாரையும் இரவல் கொடுப்பது என்று முடிவாயிற்று. தவணை பதினான்கு நாள். பெற்றார் கையொப்பம் வேண்டும்.

கையொப்பமிட அம்மாணவனின் தாயார் வந்தார். அன்று மலைக்குப் போகாமல் வந்திருந்தார். பதிவேட்டில் எழுதிய விலையை மகனைக் கொண்டு படிப்பித்துக் கேட்டு, சிறிது நேரம் பேசாதிருந்து, “ஐயா, இது ஒடஞ்சா எத்தன பேரு?” என்று எம்மிடம் வினவினார். தோட்டத்திலே ஒரு நாள் வேலை ஒரு பேர். 2024 இல் நிர்ணயித்த அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா. அக்கணக்கில் 88,000 ரூபா 65 பேர். யாம் அத்தொகையை அவரிடம் சொல்லவில்லை. அவரே மனத்திற் கணக்கிட்டு முடித்திருந்தார் என்பது முகத்திற் றெரிந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பதிவேட்டை மூடிவிட்டு யாம் மீண்டும் குழுவிடம் போனோம். “வழக்கமான பாவனையிலும் தற்செயலாகவும் நேரும் சேதத்தைச் சங்கமே ஏற்கும், பெற்றாரிடம் அறவிடலாகாது” என்னும் ஒரு வரியைக் கூட்டக் குறிப்பிற் சேர்க்கும்வரை வேறெந்த விடயத்துக்கும் இடங்கொடுக்கவில்லை. பொருளாளர் முணுமுணுத்தார், ஆயினும் முதலிற் கைதூக்கியவரும் அவரே. அடுத்த வாரம் அத்தாயார் மீண்டும் வந்தார். குறிப்பை வாசித்துக் காட்டினோம். கையொப்பமிட்டுவிட்டு, “மழ நேரத்துல வெளிய எடுக்க விடமாட்டேன்” என்றார்.

அன்று மாலை ஹிந்தகலை வழியாகக் கலஹா செல்லும் பேருந்தில், உறையிட்ட கிற்றார் அம்மாணவன் மடியிற் சென்றது. அதன்பின் அது பதினான்கு நாளுக்கொருமுறை திரும்பி வருகிறது. இடையே பத்தாம் வகுப்பு மாணவர் இருவரும் இரவல் பெறத் தொடங்கியுள்ளனர். விழா மாலையிலே, தப்புக் கலைஞர் இருவரோடு, வாணி விழாவிற் பாதியில் மங்கிய அதே காமன் கூத்துப் பாட்டு மீண்டும் வாசிக்கப்படும். ஒலிபெருக்கிப் பெட்டி பழைய இடத்திலேயே இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து விழாவுக்கு வரும் பழைய மாணவரிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. கிற்றார் நரம்புக் கட்டொன்று பயணப் பையின் மூலையில் அடங்கும், எடை பெரிதன்று. கட்டின் மேல் 10–46 என அச்சிட்டதையே வாங்குக. 9 இல் தொடங்குவது வேண்டா. மாணவனின் வலக்கை தப்படித்துப் பழகிய கை. மெல்லிய நரம்பு இரண்டு நாளில் அறுந்துவிடுகிறது.